பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் வீட்டுப் பழுதுபார்ப்பும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்பவர்கள் அனுப்பிய கடிதங்களில், எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். உவர்மலை, உப்புவெளி வாசகர்களின் ஐயங்கள் பலருக்கும் பொதுவானவை என்பதால் அவற்றுக்கான பதில்கள் நீண்டிருக்கின்றன.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, என் தாய்மாமன் வைத்திருந்த 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அது பல ஆண்டுகளாக டச்சுபே கடற்கரைக்கு அண்மையில் ஒரு தகரக் கொட்டகையில் ஓடாமல் நின்றது. எஞ்சின் கையால் சுற்ற வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், எஞ்சினை இறக்கி, போர் அடித்து (சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), புதிய பிஸ்டன்கள் போட வேண்டும் என்கிறார். நான் தொழிலால் மெக்கானிக் அல்லன்; மோட்டார் சைக்கிள் வேலைகளை நானே செய்து பழகியவன். இந்த எஞ்சினை நானே திருத்த முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? (வாசகர், உவர்மலை)

பதில்: பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். ஆனால், சுற்றவே வராத ஓர் எஞ்சினை வெளியிலிருந்து பார்த்து, அதற்குப் போர் அடிக்க வேண்டும் என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் இருக்க முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பணமும் மனமும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அளந்து பார்க்காமல் கழற்றிய எஞ்சினில் எது உண்மையில் பழுதாக இருந்தது என்பதைப் பிறகு ஒருபோதும் அறிய முடியாது. ஆகவே எஞ்சின் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் காரில் இருப்பது பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வகையைச் சேர்ந்த 1798 சீசீ எஞ்சின். பிளொக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. 1964ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இதன் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) மூன்று பெயரிங்கிலிருந்து ஐந்து பெயரிங்காக மாற்றப்பட்டது என்பதால், எஞ்சின் இடையில் மாற்றப்படாமல் இருந்தால், உங்களுடையது உறுதியான பிந்திய வகையாகவே இருக்கும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட வண்டி. பழைய வண்டிகளுள் உதிரிப்பாகம் கிடைப்பதில் இதற்கு நிகரானவை மிகக் குறைவு.

கடலுக்கு அருகில் நின்ற எஞ்சின் இறுகிப்போவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. வண்டியை நிறுத்தும்போது சில சிலிண்டர்களின் வால்வுகள் திறந்த நிலையில் நின்றுவிடும். அந்தச் சிலிண்டர்களுக்குள் உப்பு ஈரம் நிறைந்த காற்று ஆண்டுக்கணக்கில் போய்வரும். பிஸ்டன் வளையங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு ஏறி, வளையம் சுவருடன் ஒட்டிக்கொள்ளும். மூடிய சிலிண்டர்களோ பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். எனவே நான்கு பிளக்குகளையும் கழற்றி, கைத்தொலைபேசியுடன் இணைக்கக்கூடிய சிறிய குழாய்க் கமரா ஒன்றை ஒவ்வொரு துளையிலும் இறக்கிச் சுவர்களைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் மெல்லிய படிவு தெரிந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. சுவரில் குழிகள் விழுந்திருந்தால் மட்டுமே மெக்கானிக் சொன்னது சரியாகிறது.

அதன்பின் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, சில நாட்கள் ஊறவிடுங்கள். இடையிடையே நான்காவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேறொரு வாகனத்தால் இழுத்துச் சுற்றவைக்க ஒருபோதும் முயல வேண்டாம். ஒட்டிய வளையம் விடுபடுவதற்கு முன் உடைந்துவிடும். எஞ்சின் அசையத் தொடங்கியதும் அதன் மேலுள்ள ரொக்கர் மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று கையால் சுற்றியபடியே கவனியுங்கள். ஒரு வால்வு தன் குழலில் இறுகியிருக்கும் நிலையில் ஸ்டாட்டர் மோட்டாரால் சுற்றினால் அந்த வால்வை இயக்கும் புஷ்ரொட் கம்பி வளைந்துவிடும்.

பற்றரியை இணைக்கும் முன் ஒரு முக்கிய எச்சரிக்கை. அந்த ஆண்டின் எம்ஜிபி, பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலுடன் இணைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகள் அனைத்தும் இதற்கு நேர்மாறானவை என்பதால், பழக்கத்தில் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிடுவது எளிது. இடையில் யாரேனும் இலத்திரனியல் இக்னிஷனோ வானொலியோ பொருத்தியிருந்தால் அது அந்தக் கணமே எரிந்துபோகும். யாரேனும் எதிர்முனைக்கு மாற்றியிருக்கவும் கூடும். வயர்களைப் பின்தொடர்ந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பழைய எஞ்சின் ஒயிலை இறக்கி, வடிகட்டியையும் மாற்றி, 20டபிள்யூ-50 தர ஒயிலை விடுங்கள். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் மேடுகள் தட்டையான டெப்பெட்டுகளின் மீது உராய்ந்து இயங்குவதால், துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஒயிலே பொருத்தமானது. புதிய கார்களுக்கான மெல்லிய ஒயில் இங்கு மலிவானாலும் வேண்டாம். பிளக்குகள் இல்லாமல், இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, ஒயில் அழுத்தமானியின் முள் எழும்பும்வரை ஸ்டாட்டரால் சுற்றுங்கள். பெயரிங்குகளுக்கு ஒயில் சென்றடைவதற்கு முன் எஞ்சினை இயக்கினால், பல ஆண்டுகள் நின்றதால் ஏற்படாத சேதம் ஒரே நிமிடத்தில் ஏற்படும். தாங்கியில் எஞ்சியிருக்கும் பழைய பெற்றோலை முழுவதும் இறக்கிவிட்டு, ஆரம்பப் பரிசோதனைகளுக்கு வெளியிலிருந்து ஒரு சிறிய கலனில் புதிய பெற்றோலைக் கொடுங்கள். தாங்கியின் துருவைக் காபரேட்டருக்குள் இழுத்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

எஞ்சின் இயங்கிச் சூடான பிறகே உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பை மீண்டும் துண்டித்து, அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுக்கத்தையும் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அளவு) அளந்து எழுதிவையுங்கள். உயர் அழுக்க வகை எஞ்சினுக்கு 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவு சொல்லப்படுகிறது. ஆயினும் அந்த எண்ணைவிட, நான்குக்கும் இடையிலான வேறுபாடே அதிகம் பேசும். வேறுபாடு பத்து வீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு மீண்டும் அளவுங்கள். அளவு உயர்ந்தால் குறை வளையத்தில் இருக்கிறது. உயராவிட்டால் வால்வில் இருக்கிறது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வளையங்கள் ஒட்டியிருந்ததால் மட்டும் குறைந்த அழுக்கம், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு தானே உயர்வதும் உண்டு. ஆகவே முதல் அளவீட்டில் மனம் தளர வேண்டாம். ஒயில் அழுத்தம் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையிலும், சூடான எஞ்சின் சும்மா ஓடும்போது 10 முதல் 25 வரையிலும் இருந்தால், கீழ்ப்பகுதி பெயரிங்குகளைத் தொடவேண்டாம்.

குறை வால்விலோ கேஸ்கட்டிலோ இருந்தால் ஹெட்டைக் கழற்றுவது வீட்டிலேயே செய்யத்தக்க வேலை. நட்டுகளைச் சிறிது சிறிதாக, கைநூலில் காட்டிய ஒழுங்கில் தளர்த்துங்கள். பூட்டும்போது டோர்க் ரென்ச்சால் படிப்படியாக 50 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 68 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். வால்வுகளை அரைத்துப் பொருத்துவதும் கையாலேயே ஆகும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது, வால்வு இருக்கைகளைப் பதிப்பது, கிராங்க் அரைப்பது, போர் அடிப்பது ஆகியவற்றை மட்டும் தகுந்த இயந்திரம் உள்ள லேத் பட்டறையிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் அளவுகளை எழுத்தில் கொடுங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வீதிக்கு இறங்கும் ஆசை வரும். பிறேக்கின் றப்பர் சீல்கள், குழாய்கள், திரவம் ஆகிய அனைத்தையும் மாற்றும்வரை வண்டி வளவை விட்டு வெளியே போகக் கூடாது. பிறேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது; நம் ஊர்க் காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்ற சிலிண்டர்களின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதைக் கழற்றிப் பார்த்தால் உணர்வீர்கள்.

கேள்வி: என்னுடையதும் எம்ஜிபிதான்; கம்பிச் சக்கரங்கள் கொண்டது. பிறேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் முன்புறத்தில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. ஹபரணை வீதியில் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் அலைகிறது. நான்கு ஷொக் அப்சோபர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். அவை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களுக்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்க முடியும். அவற்றுள் ஷொக் அப்சோபர் ஒன்றுதான், அதுவும் முதன்மையானது அன்று.

முதலில் வண்டியை உயர்த்தும் முறை. எம்ஜிபிக்குத் தனியான சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளும் சில் பகுதிகளே அதன் முதுகெலும்பு. கடலோர வண்டிகளில் அந்தப் பகுதி உள்ளிருந்து அரித்து, மேலே வர்ணம் மட்டும் நிற்பதும் உண்டு. அங்கே ஜக் வைத்தால் அது உள்ளே புகுந்துவிடும். முன்புறக் குறுக்குச் சட்டத்தின் கீழ் ஜக் வைத்து உயர்த்தி, உறுதியான இரும்புப் பகுதிகளின் கீழ் ஜக் ஸ்டான்டுகளை இட்டு, பின் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்து அசையாது என்று உறுதிசெய்த பிறகே கையை உள்ளே கொண்டுசெல்லுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. மணல் தரையில் ஸ்டான்ட் புதையும்; சீமெந்துத் தரை இல்லாவிட்டால் தடித்த பலகைகளைக் கீழே இடுங்கள்.

முன் சக்கரம் நிலத்தைத் தொடாமல் நிற்கும்போது, அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். அசைவு தெரிந்தால், துணைக்கு ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிறேக் மிதித்ததும் அசைவு மறைந்தால் குறை சக்கரப் பெயரிங்கில் இருக்கிறது. மறையாவிட்டால், முன் சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சான கிங்பின்னில் இருக்கிறது. பிறகு இடதும் வலதுமாகப் பிடித்து அசையுங்கள். அப்போது மட்டும் தெரியும் அசைவு ஸ்டியரிங் இணைப்பு முனைகளைக் காட்டும். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பாகம் வாங்குபவர்களே அதிகம் என்பது எனக்கு வருத்தம் தரும் விடயம்.

கம்பிச் சக்கரம் என்று நீங்கள் குறிப்பிட்டது மிகவும் பயனுள்ள செய்தி. அந்தச் சக்கரங்கள் பற்கள் வெட்டிய ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகம்) மீது அமர்பவை. பற்கள் தேய்ந்தால், ஓட்டத்திலிருந்து பிறேக்குக்கு மாறும் கணத்தில் சக்கரம் ஹப்பின் மீது சற்றுச் சுழன்று அடிக்கும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுவாகவே இருக்கக்கூடும். பிறேக்கை மிதித்து வைத்திருக்கச் சொல்லி, சக்கரத்தை உருளும் திசையில் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பற்கள் கூர்மையடைந்துவிட்டன. அப்போது சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்தது புதியதையும் தின்றுவிடும். இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

கிங்பின்னைத் தீர்ப்பிடும் முன் அதற்குக் கிறீஸ் கொடுத்துப் பாருங்கள். முன்புறத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிறீஸ் முனைகள் உண்டு. சக்கரம் தொங்கும் நிலையில், பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். சக்கரம் நிலத்தில் அழுந்தியிருக்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் முகத்துக்குக் கிறீஸ் போகாது. திருப்பிய பின் நேருக்குத் திரும்பாத ஸ்டியரிங், பலமுறை இந்த ஒரு வேலையிலேயே சீராகிவிடும். பெயரிங்கில் அசைவு இருந்தால் கவனம்: உள் வெளிப் பெயரிங்குகளுக்கு இடையே ஒரு குழலும் மெல்லிய ஷிம் தகடுகளும் இருக்கும். நட்டை 40 முதல் 70 அடி-இறாத்தல் வரை இறுக்கிய நிலையில் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை அசைவு இருக்கும்படி ஷிம்மைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஏனைய கார்களைப் போல இறுக்கிவிட்டுச் சற்றுத் தளர்த்தும் முறை இங்கே பிழையானது, தகடுகளை வீசிவிடாதீர்கள்.

பிறேக் பிடிக்கும்போது எழும் சத்தத்துக்கு அடுத்த காரணம், சக்கரத்தை உடலுடன் இணைக்கும் சஸ்பென்ஷன் கீழ்க் கைகளின் உட்புற றப்பர் புஷ்கள். நெம்புகோலால் கையை மெதுவாக நெம்பிப் பார்த்தால், வெடித்த றப்பர் தெரியும். இவற்றை மாற்ற ஸ்பிரிங்கை வெளியே எடுக்க வேண்டும். அடைபட்டிருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஆளைக் கொல்லக்கூடியது. ஸ்பிரிங் தட்டின் கீழ் ஜக்கை வைத்துத் தாங்கியபடி, எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு போல்ட்டுகளுக்குப் பதிலாக நீளமான, உயர் வலிமைப் போல்ட்டுகளை இடுங்கள். மற்றவற்றை அகற்றிய பின் அந்த இரண்டின் நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஸ்பிரிங் முழுவதும் ஓய்ந்த பிறகே வெளியே எடுங்கள். இதற்கு மனம் துணியாவிட்டால் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பதே சரி. எம்ஜிபி ஜிடி வி8 வண்டிக்கெனச் செய்த, உள்ளே இரும்புக் குழல் பொதிந்த றப்பர் புஷ்கள் உங்கள் வண்டிக்கும் பொருந்தும். சாதாரண புஷ்களைவிட நீண்ட காலம் உழைக்கும். எதைப் பூட்டினாலும், போல்ட்டுகளின் இறுதி இறுக்கத்தை வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரங்களில் அமர்ந்த பின்னரே கொடுங்கள். றப்பர் புஷ் சுழலும் பாகம் அன்று, முறுகும் பாகம். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அது எப்போதும் முறுகிய நிலையிலேயே ஓடி, விரைவில் கிழிந்துபோகும்.

கடைசியாக ஷொக் அப்சோபர்கள். உங்கள் வண்டியில் உள்ளவை குழாய் வடிவானவை அல்ல, நெம்புகோல் வகை. முன்புறத்தில் அவற்றின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. தண்டைச் சுற்றி ஒயில் வழிந்திருந்தால் உடல் தேய்ந்துவிட்டது. அதற்கு மறுசீரமைத்த அலகுதான் தீர்வு. கசிவு இல்லாமல் வெறுமனே வலுவிழந்திருந்தால், மேல் மூடியைத் திறந்து அதற்குரிய ஒயிலையோ மோட்டார் சைக்கிள் முன்கவைக்கான 20 தர ஒயிலையோ நிரப்பி, கையைப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அசைவின் முழு நீளத்திலும் ஒரே மாதிரியான எதிர்ப்பு இருந்தால் அந்த அலகு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

கேள்வி: என் 13, 14, 15 மில்லிமீற்றர் ஸ்பனர்களில் சில இந்தப் பழைய ஆங்கிலேய வண்டிகளின் நட்டுகளில் வழுக்குகின்றன. ஏன்? (வாசகர், நிலாவெளி)

பதில்: அவை அங்குல அளவு நட்டுகள். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர் என்பதால் 13 ஓரளவு பிடிக்கும். பதினாறில் ஒன்பது அங்குலம் 14.29 மில்லிமீற்றர், அதற்கு 14 நுழையாது, 15 மூலைகளை உருட்டிவிடும். அங்குல ஸ்பனர் தொகுதி ஒன்றை முதலில் வாங்குங்கள். மரையும் அங்குல வகையே. மெட்ரிக் போல்ட்டைப் பலவந்தமாக ஏற்றினால் பிளொக்கின் மரை போய்விடும்.

கேள்வி: நான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறேன். முன் சஸ்பென்ஷனின் கீழ்ப்புற ட்ரனியனுக்கு ஒவ்வொரு சேவையிலும் தவறாமல் கிறீஸ் அடிக்கிறேன். அண்மையில் ஒருவர் அது ஆபத்து என்றார். உண்மையா? (வாசகர், கிண்ணியா)

பதில்: உண்மை, இதை உடனடியாகக் கவனியுங்கள். அந்த இணைப்பில் உருக்கினாலான செங்குத்துத் தண்டின் மரை, பித்தளை வகை உலோகத்தாலான ட்ரனியனுக்குள் திருகியிருக்கிறது; ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு உரியது கிறீஸ் அன்று. கியர்பொக்ஸுக்கு விடும் இபி 90 தர ஒயில். கிறீஸ் மரையின் அடிவரை செல்லாமல் இறுகி நிற்கும். அதைத் தாண்டிப் புகும் நீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, தண்டின் மரையை அரிக்கும். அரித்த இடத்தில் தண்டு முறிந்தால் சக்கரம் மடிந்து விழும்.

இதுவரை கிறீஸ் அடித்திருப்பதால் மேலே ஒயிலை ஏற்றுவது மட்டும் போதாது. இரு பக்கமும் கழற்றி, கிறீஸை முழுவதும் கழுவி, தண்டின் மரையில் துருக்குழிகள் இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிறு குழி தெரிந்தாலும் தண்டை மாற்றுங்கள். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால் பாகங்களைக் கலந்துவிடக் கூடாது. பூட்டும்போது அடிவரை திருகி இறுக்கிவிடாமல், சக்கரம் இரு புறமும் முழுமையாகத் திரும்ப இடம் விட்டுச் சற்றுப் பின்வாங்குங்கள். பிறகு கியர் ஒயில் நிரப்பிய துப்பாக்கியால், மேலே ஒயில் கசியும்வரை ஏற்றுங்கள். வாடைக்காற்று மழை தொடங்கும் முன் ஒருமுறையும், அது ஓய்ந்த பின் ஒருமுறையும் இதைச் செய்வது நம் பகுதிக்கு ஏற்றது.

கேள்வி: ஈயம் இல்லாத பெற்றோல் பழைய ஆங்கிலேய எஞ்சின்களின் வால்வுகளைக் கெடுக்கும் என்கிறார்கள். எம்ஜிபி ஹெட்டை இப்போதே கழற்றி மாற்ற வேண்டுமா? ஒக்டேன் 92 பெற்றோல் போடுவதா, 95 போடுவதா? (வாசகர், கந்தளாய்)

பதில்: இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னும் உங்கள் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அவசரம் இல்லை. ஈயம் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கியது. அது இல்லாதபோது, நீண்ட நேர உயர்வேக ஓட்டத்தில் வார்ப்பிரும்பு இருக்கை தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் மெல்ல மெல்லப் புதையும். நகரத்துக்குள் நிதானமாக ஓடும் வண்டியில் இது மிக மெதுவாகவே நடக்கும்.

நடக்கிறதா என்பதை அறிய வால்வு இடைவெளியே போதும். குளிர்ந்த எஞ்சினில் 0.38 மில்லிமீற்றர், அதாவது அங்குலத்தில் 0.015 வைத்து, திகதியுடனும் கிலோமீற்றருடனும் எழுதிவையுங்கள். அளப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: முன்னிருந்து எண்ணும்போது, அளக்க வேண்டிய வால்வின் எண்ணும் முழுவதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவதை அளவுங்கள். மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை அளவுங்கள். எக்ஸோஸ்ட் வால்வுகளின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது என்று பொருள். அப்போதோ, வேறு காரணத்துக்காக ஹெட் கழற்றப்படும்போதோ, கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துக்கொள்ளலாம்.

உங்கள் எஞ்சின் 8.8:1 அழுக்க விகிதம் கொண்ட வகையாக இருந்தால் 95 போடுங்கள். ஏற்றத்தில் பாரத்துடன் இழுக்கும்போது எஞ்சினில் கணீரென்ற தட்டல் ஒலி எழுந்தால் இக்னிஷன் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுங்கள். அந்த ஒலியுடன் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சேதமடையும்.

கேள்வி: 1275 சீசீ எம்ஜி மிட்ஜெட்டின் இரண்டு எஸ்யூ காபரேட்டர்களை எவ்வளவு திருகியும் சும்மா ஓட்டம் சீராகவில்லை. புதிய காபரேட்டர்கள் வாங்க வேண்டுமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: காபரேட்டரில் கை வைப்பதே கடைசி வேலையாக இருக்க வேண்டும். வால்வு இடைவெளியை 0.30 மில்லிமீற்றருக்கும், இக்னிஷன் போயின்ட் இடைவெளியை 0.38 மில்லிமீற்றருக்கும் வைத்து, பிளக்குகளையும் இக்னிஷன் நேரத்தையும் சரிபாருங்கள். புதிதாக வாங்கிய கண்டென்சரையும் நம்பிவிட வேண்டாம். பழையதைவிட விரைவில் செயலிழப்பவை சந்தையில் உண்டு. அதன் பின்னும் எஞ்சின் நடுங்கினால், ஓடும்போது த்ரொட்டில் தண்டின் இரு முனைகளிலும் ஒரு துளி மெல்லிய எண்ணெயை விடுங்கள். ஓட்டம் மாறினால் தண்டு தேய்ந்து காற்று உள்ளே புகுகிறது. எவ்வளவு திருகினாலும் அது சீராகாது. தண்டையும் புஷ்ஷையும் மாற்றினால் போதும், காபரேட்டர் புதிதாக வேண்டியதில்லை.

தண்டு நல்ல நிலையில் இருந்தால், காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். மேல் மூடியின் ஒயில் தண்டு இல்லாத நிலையில் அது தடையின்றி இறங்கி, அடியில் மோதும் ஒலி கேட்க வேண்டும். இரண்டின் ஜெட் திருகையும் மேல்வரை ஏற்றி, பின் இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்குவது தொடக்க நிலை. ஒரு றப்பர்க் குழாயின் முனையைக் காதில் வைத்து, இரண்டு வாய்களிலும் காற்று இழுக்கும் ஒலி சமமாகும்வரை த்ரொட்டில்களைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஒரு கணம் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தளர்ந்தால் பெற்றோல் குறைவு. ஒன்றின் மாற்றம் மற்றதைப் பாதிக்கும் என்பதால் இரண்டையும் மாறி மாறிச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: 1990ஆம் ஆண்டின் யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டா எம்எக்ஸ்-5) என்னிடம் உள்ளது. பின் ரயர்களின் உட்புறம் மட்டும் தேய்கிறது. வீல் அலைன்மென்ட் செய்யுமிடத்தில் சரிசெய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரைமிங் பெல்ட்டையும் நானே மாற்றலாமா? (வாசகர், மூதூர்)

பதில்: பெல்ட்டை மாற்றலாம். 100,000 கிலோமீற்றர் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பெல்ட் வயதாலும் கெடும் என்பதால், எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை இப்போதே மாற்றுவது நல்லது. 1.6 லீற்றர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதுவதில்லை. இந்த எஞ்சினின் ஆரம்ப கால கிராங்குகளில், முன் முனையில் கப்பியைப் பிடிக்கும் சாவிப் பள்ளம் தேயும் குறை அறியப்பட்டது. எஞ்சின் ஓடும்போது கப்பி தள்ளாடுகிறதா என்று பாருங்கள்; தள்ளாடினால் பெல்ட் வேலையைத் தொடங்கும் முன் கிராங்கின் முனையைச் சோதிக்க வேண்டும். நடுப் போல்ட்டைக் கழற்றினால் கைநூல் சொல்லும் விசைக்குக் குறையாமல் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

ரயர் தேய்வுக்கு வருவோம். உங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களிலும், கீழ்க் கைகளின் உட்புறப் போல்ட்டுகள் மையம் விலகிய தட்டுடன் செய்யப்பட்டவை. அவற்றைச் சுழற்றித்தான் சக்கரத்தின் சாய்வும் திசையும் சரிசெய்யப்படுகின்றன. உப்புக் காற்றில் அந்தப் போல்ட், புஷ்ஷின் உட்புற இரும்புக் குழலுடன் துருவால் ஒட்டிவிடும். அலைன்மென்ட் இயந்திரத்தில் நிற்பவர் போல்ட்டைச் சுழற்ற முடியாததால்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வண்டியின் உடல் வளைந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

தட்டின் தற்போதைய நிலையை வர்ணத்தால் குறித்துவிட்டு, நட்டைத் தளர்த்தி, துரு இளக்கும் எண்ணெயைப் பல நாட்கள் தொடர்ந்து விடுங்கள். நட்டு விட்டாலும் போல்ட் சுழலாவிட்டால் அதைத் தொடர்ந்து முறுக்காதீர்கள், றப்பர்தான் கிழியும். பின்புறத்தில் பெற்றோல் தாங்கி அருகில் இருப்பதால் தீயால் சூடாக்கும் முறையையும் தவிர்த்துவிடுங்கள். புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை இரும்பறுக்கும் வாளால் அறுத்துக் கீழ்க் கையை வெளியே எடுத்து, புதிய புஷ், புதிய போல்ட், புதிய தட்டு ஆகியவற்றை இடுவதே நேரான வழி. புதிய போல்ட்டின் தண்டு முழுவதும் துருத்தடுப்புக் கிறீஸைப் பூசிப் பூட்டி, குறித்த நிலைக்குத் தட்டைக் கொண்டுவந்து, வண்டி நிலத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். அதன்பின் அலைன்மென்ட் செய்யுமிடத்துக்கு மெதுவாக ஓட்டிச் சென்று, முன் சக்கரங்களை மட்டுமல்லாமல் நான்கையும் அளந்து, மாற்றுவதற்கு முந்திய அளவும் பிந்திய அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.